யாரைக் கேட்டார்கள்? எங்கே நின்று பார்த்தார்கள்?

பழனி வட்டாரத்து விவசாயி வீட்டுத் திண்ணைக்குக் கணக்குக் கேட்க ஆள் வருவது புதிதல்ல. அடங்கலுக்காகக் கிராம நிர்வாக அலுவலர் வருகிறார். விவசாய இலாகா உதவி அலுவலர் வருகிறார். புள்ளியியல் துறை ஊழியர் வருகிறார். கல்லூரி மாணவர்கள் ஆராய்ச்சிப் படிவத்தோடு வருகிறார்கள். இப்போது நேரில் வராமல் போனிலேயே கேட்பவர்களும் உண்டு. எத்தனை மூட்டை யூரியா போட்டீர்கள், எத்தனை தடவை மருந்து அடித்தீர்கள், ஏக்கருக்கு என்ன கண்டுமுதல் ஆயிற்று, பழைய ரகத்தை ஏன் விட்டீர்கள் என்று கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். விவசாயியும் மடை திருப்புகிற அவசரத்தில் ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்.

அந்தப் பதில் அங்கேயே மறைந்துபோவதில்லை. ஆதரவு விலைக்கான சாகுபடிச் செலவுக் கணக்கு, பயிர் இன்சூரன்ஸ் இழப்பீடு, எந்த ரகத்துக்கு மானியம், எந்த மருந்துக்குச் சிபாரிசு என்ற முடிவுகள் எல்லாம் இப்படிச் சேகரித்த கணக்குகளின் மேல்தான் நிற்கின்றன. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது வெறும் காகித விவகாரம் அல்ல.

ஒரு சர்வே முடிவு வெளியானால் இத்தனை ஆயிரம் பேரைக் கேட்டோம் என்பதைத்தான் முதலில் பெருமையாகச் சொல்கிறார்கள். விவசாயிகள் அதைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. அந்த ஆயிரம் பேரை எப்படிப் பொறுக்கினார்கள், அவர்கள் வாயால் சொன்னதை எழுதினார்களா, அல்லது வயலில் கண்டதை எழுதினார்களா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்வதற்கில்லை.

பானைச் சோறு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வீட்டில் எல்லோரும் சொல்வதுதான். பானையில் அது சரியாகவே இருக்கிறது. எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில், கிளறி விடப்பட்டு வெந்தவை. ஊர் அப்படி வேகவில்லை. பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகளின் தண்ணீர் பாயும் வயல் ஒரு மாதிரி. கீரனூர், தொப்பம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காடு வேறு மாதிரி. ஆயக்குடிக் கொய்யாத் தோப்புக்காரரின் செலவும் சோளம் விதைத்துவிட்டு மேகத்தைப் பார்ப்பவரின் செலவும் ஒன்றாகாது. இங்கே ஒரு சோற்றை எடுத்துப் பதம் பார்ப்பதானால், கை எந்த இடத்தில் போய் எடுத்தது என்பதுதான் முக்கியம்.

தானிய வியாபாரிக்கு இது நன்றாகவே தெரியும். மூட்டையின் வாயைத் திறந்து மேலாக ஒரு பிடி அள்ளிப் பார்த்து அவர் விலை சொல்வதில்லை. குத்தூசியை எடுத்து நடுவில், அடியில், பக்கத்தில் என்று குத்துகிறார். அட்டியில் கண்ணுக்குத் தெரிகிற முன்வரிசை மூட்டையை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை இழுக்கச் சொல்கிறார். அவருக்குள்ள இந்த ஜாக்கிரதை பல ஆராய்ச்சிகளில் இல்லை.

ஆள் எண்ணிக்கை மட்டும் உதவாது என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 1936-ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்கு முன்பு ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடி பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் போட்டார்கள். லேண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். காரணம் என்னவென்றால், டெலிபோன் புத்தகம், மோட்டார் கார்ப் பதிவு போன்ற பட்டியல்களில் இருந்துதான் பெரும்பாலான விலாசங்களை எடுத்திருந்தார்கள். பஞ்ச காலத்தில் காரும் டெலிபோனும் வைத்திருந்தவர்கள் எல்லா ஜனங்களுக்கும் பதில் சொல்ல முடியாது. மேலும், சீட்டு வந்த வீடுகளிலும் மெனக்கெட்டுப் பதில் போட்டவர்கள் ஒரு தனி ரகம். போன் நம்பர் கைவசம் உள்ள விவசாயிகளை மட்டும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத் தாலுகா முழுவதற்கும் சேர்த்து எழுதுவோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

தார் ரோட்டோரம்

1973-74-ல் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் புதிய நெல் ரகங்கள் எந்த அளவு பரவியிருக்கின்றன என்று கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகத்தார் கூட்டாக ஆராய்ந்தார்கள். பி.எச்.பார்மர் அதன் தலைவர். இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் இதே ஆராய்ச்சி நடந்தது. அதில் பங்கெடுத்த ராபர்ட் சேம்பர்ஸ் என்பவர் பின்னர் 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார். பட்டணத்தில் இருந்து கிராமத்தைப் பார்க்க வருகிறவர்கள் எதையெல்லாம் பார்க்காமலே திரும்புகிறார்கள் என்று அதில் பிட்டுப் பிட்டு வைத்தார். தார் ரோட்டை விட்டு ஜீப் இறங்குவதில்லை. ஏற்கெனவே திட்டம் நடக்கிற ஊருக்கே போகிறார்கள். வசதி உள்ளவர்களை, ஆண்களை, புதிய முறையை ஏற்றுக்கொண்டவர்களைப் பார்க்கிறார்கள். மழைக் காலத்தில் சேறும் காய்ச்சலும் கடனும் கிராமத்தை வாட்டும்போது வராமல், பாதை காய்ந்த பிறகு வருகிறார்கள். மரியாதை கருதிச் சங்கடமான கேள்விகளைக் கேட்காமல் விடுகிறார்கள்.

பழனியில் இருந்து திண்டுக்கல் ரோட்டில் போகிறவருக்கு ஆயக்குடிக் கொய்யா தெரியும். சத்திரப்பட்டி தெரியும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரி நிற்பதும் தெரியும். அவ்வளவையும் பார்த்துவிட்டு இந்தப் பகுதி விவசாயி தோட்டக்கலைக்கு மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய்யல்ல. ஆனால் அது ரோட்டோரத்து மெய். மண் பாதையில் உள்ளே போய், போர்வெல் வற்றியதால் மக்காச்சோளத்தோடு நின்றுவிட்டவரைப் பார்க்காத கணக்கு அது. தைப்பூசத்துக்கு வருகிற யாத்ரீகர் பழனி முழுவதும் தெரியும் என்று சொல்வது போலத்தான்.

இதில் இலாகாவின் பங்கும் உண்டு. முன்னோடி விவசாயி என்று ஊருக்கு ஒருவர் இருவர் இருக்கிறார்கள். எந்த ஆராய்ச்சிக்காரர் வந்தாலும் அவர்கள் தோட்டத்துக்கே அழைத்துப் போகிறார்கள். அவர்கள் நல்ல விவசாயிகள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் செயல்விளக்கம் காட்டப் பொறுக்கியவரையே கணக்கெடுப்புக்கும் பொறுக்கினால், சிபாரிசு செய்தது எல்லாம் பலித்துவிட்டதாகத்தான் முடிவு வரும். வேறென்ன வரும்?

சொன்னதா, கண்டதா?

ஆளைச் சரியாகப் பொறுக்கிய பிறகும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. விவசாயி பொய் சொல்கிறார் என்பதல்ல அது. கேட்பவர் யார் என்று பார்த்து, அவருக்கு ஏற்ற பதில் வந்துவிடுகிறது. விவசாய இலாகா ஆள் கேட்டால் தக்காளிக்கு மருந்து சிபாரிசுப்படி அடித்ததாகப் பதில். மருந்துக் கடைக்காரர் கேட்டால் வேறு எண்ணிக்கை. பாங்கியில் இருந்து கேட்டால் மகசூல் கூடுகிறது. வரி வந்துவிடுமோ என்று தோன்றினால் குறைகிறது. இத்தனைக்கும் இடையில் ஞாபக மறதி வேறு. தை மாதம் உட்கார்ந்துகொண்டு ஆடியில் எத்தனை ஆள் களை எடுத்தது என்று கேட்டால் யாருக்குச் சரியாக நினைவிருக்கும்? கூலி கொடுத்த ஆள் நினைவிருக்கும், பணம் போயிற்றே. வீட்டுப் பெண்கள் எடுத்த களை, பிடுங்கிய நாற்று, பறித்த முருங்கைக்காய் நினைவுக்கு வராது. படிவக்காரர் திண்ணையில் ஆணிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போவதால், அடுப்படியில் இருந்து ஒரு குரல் திருத்தினாலும் அது எழுத்தில் ஏறுவதில்லை. ஆதரவு விலைக்கான செலவுக் கணக்கில் குடும்ப உழைப்புக்கு ஒரு மதிப்புப் போடுகிறார்கள். அந்த உழைப்பு பதிவிலேயே இல்லாவிட்டால் மதிப்பும் இல்லை.

இந்தச் சிக்கலை நேராக எடுத்து ஆராய்ந்தது பழனிக்குப் பக்கத்தில்தான். 1954-55 முதல் 1956-57 வரை மூன்று ஆண்டுகள், அன்றைய சென்னை மாகாணத்தில் கோயம்புத்தூர், சேலம் ஜில்லாக்களில் பண்ணை நிர்வாக ஆய்வு நடந்தது. உடுமலைப்பேட்டையும் தாராபுரமும் அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தன. பழனியோ மதுரை ஜில்லாவில் இருந்தது. திண்டுக்கல் மாவட்டம் 1985-ல்தான் பிறந்தது. பம்பாய், பஞ்சாப், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம் போன்ற இடங்களிலும் இதே ஆய்வு நடந்தது. அதில் ஒரு பகுதிப் பண்ணைகளில் ஊழியர் கிராமத்திலேயே தங்கி, அன்றன்றைய வேலையையும் செலவையும் அன்றன்றே பதிந்தார். இன்னொரு பகுதிப் பண்ணைகளில் அவ்வப்போது போய்க் கேட்டு எழுதினார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நோக்கங்களில் ஒன்று. கேட்டு எழுதுவது மலிவு, நிறையப் பேரை எட்டும். தங்கிப் பதிவது செலவு, கொஞ்சம் பேரைத்தான் எட்டும்.

1970-71 முதல் நாடு முழுவதும் சாகுபடிச் செலவுத் திட்டம் தொடங்கியபோது, தினசரிப் பதிவு முறையையே எடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலையைக் கோவை விவசாயப் பல்கலைக்கழகம் செய்கிறது. இதில் பாராட்ட வேண்டியது, பண்ணைகளைப் பொறுக்கும் விதம். ஒரு தொகுதிக்குப் பத்துப் பண்ணைகள். நிலத்தின் அளவுப்படி ஐந்து வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்கு இரண்டாக எடுக்கிறார்கள். ஒரு ஹெக்டேருக்கும் குறைந்தவர் அதில் கட்டாயம் இருப்பார். யாரோ ஒருவர் அழைத்துப் போகிற தோட்டம் அல்ல அது. சிறு விவசாயியின் செலவு மேலே எட்டுகிறது என்றால் இந்த ஏற்பாடுதான் காரணம். ஆயினும் தொகுதிக்குப் பத்தே பண்ணை என்பது சிறிய கணக்கு. அந்தப் பத்தில் ஒருவர் ஏனோதானோ என்று பதில் சொன்னால் அந்த ஓட்டை பெரிதாகத் தெரியும்.

1975-ல் ஐதராபாத் அருகில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் ஆந்திரா, மகாராஷ்டிரத்து ஆறு மானாவாரிக் கிராமங்களில் ஊருக்கு 40 குடும்பங்களை எடுத்தது. அங்கும் ஊழியர்கள் கிராமத்திலேயே குடியிருந்தார்கள், சில வாரங்களுக்கு ஒருமுறை அதே குடும்பங்களைக் கேட்டார்கள். நிலமற்ற கூலிக்காரர் குடும்பங்களையும் சேர்த்தது அதன் சிறப்பு. ஆறு கிராமம் என்பது இந்தியா ஆகாது. ஆனால் அந்த ஆறிலும் வறட்சி வந்தபோது யார் எதை விற்றார், யார் எந்த வேலைக்குப் போனார் என்பது நாளும் பொழுதும் தெரிந்தது. ஒரு நாள் சர்வேயில் அது கிடைக்காது.

தமிழ்நாட்டில் இதைவிடப் பழைய உதாரணம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பிக் கணக்கெடுக்கச் சொல்லி, 1918-ல் புத்தகமாக வெளியிட்டார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம், தூசி, பாலக்குறிச்சி ஆகிய ஊர்கள் அதில் இருந்தன. மாணவர் எந்த ஊரோ அந்த ஊர் என்பது சரியான பொறுக்கல் அல்ல. ஆனால் ஊர்க்காரப் பிள்ளை கேட்டதால் கதவு திறந்தது. 1930-களிலும் அதற்குப் பிறகும் வேறு ஆராய்ச்சியாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பப் போய், என்ன மாறியது என்று பார்க்க முடிந்தது. பொறுக்கல் சுமார், பார்வை நன்று. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், சிறிய ஊரை நன்றாகப் பார்த்த கணக்கு, பெரிய தாலுகாவைத் திண்ணையில் இருந்தே கேட்ட கணக்கைவிட மேல்.

அருகே நின்று பார்ப்பதும் குறையில்லாத வழி அல்ல. பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதன் மாறிவிடுகிறான். 1924 முதல் 1932 வரை சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் நடந்த பரிசோதனைகளில், தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதாலேயே தொழிலாளர் வேலை கூடியதாகச் சொன்னார்கள். பின்னாளில் பழைய கணக்கைத் தோண்டிப் பார்த்தவர்கள் அது அவ்வளவு தெளிவாக இல்லை என்றார்கள். சிகாகோ வரை போக வேண்டாம். அதிகாரி வரப்பில் நிற்கிற அன்று மூக்கில் துண்டும் கையில் உறையும் போட்டு மருந்து அடிப்பவர் உண்டு. மறுநாள் துண்டு தோளில் கிடக்கும். ஒரு நாள் பார்வைக்கு அலங்காரம் கிடைக்கும். ஒரு பருவம் முழுக்கத் தங்கியிருப்பவர் முன்னால் அலங்காரம் நிற்காது, ஏனென்றால் வேலை காத்திருக்காது.

25 சதுர மீட்டர்

நேரில் பார்க்கும் முறைகளில் விவசாயி பையை நேராகத் தொடுவது பயிர் அறுவடைப் பரிசோதனை. நெல் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே உள்ளதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். எந்தச் சர்வே நம்பர் என்பது குலுக்கல் எண்ணால் முடிவாகிறது. வயலுக்குள் எந்த இடம் என்பதும் அப்படியே. தென்மேற்கு மூலையில், அதாவது கன்னி மூலையில் இருந்து, நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி என்று எண்ணி நடந்து முளைக்குச்சி அடிக்க வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில் அடிக்கக் கூடாது.

இந்த முறையை நாட்டில் நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் பி.வி.சுகாத்மே. 1940-களில் அவர் ஒரு விஷயத்தைக் காட்டினார். அறுக்கிற வட்டம் மிகச் சிறியதாக இருந்தால், உள்ளதைவிட மகசூல் அதிகமாகத் தெரிகிறது. கயிற்றின் ஓரத்தில் நிற்கும் தூரை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா என்ற சந்தேகம் வரும்போது, கை தானாக உள்ளே சேர்க்கிறது. சின்ன வட்டத்துக்கு ஓரம்தான் அதிகம். கள்ளத்தனம் இல்லாமலே கணக்கு வீங்குகிறது.

பிரதம மந்திரி பயிர் இன்சூரன்ஸ் திட்டம் 2016-ல் வந்த பிறகு இந்தக் கயிற்றுக்கு மதிப்பு கூடிவிட்டது. கிராமத்தை அலகாக வைத்த இடத்தில் குறைந்தது நான்கு பரிசோதனை. ஒரு ஏக்கரில் 25 சதுர மீட்டர் துண்டுகள் சுமார் 162 அடங்கும். ஆகவே துண்டில் ஒரு கிலோ என்றால் ஏக்கருக்கு 162 கிலோ. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளலாம். உத்தரவாத மகசூல் துண்டுக்கு 12 கிலோ. நான்கு துண்டுகளில் 10, 11, 12, 11 கிலோ கிடைக்கிறது. சராசரி 11. குறைவு பன்னிரண்டில் ஒரு பங்கு. ஏக்கருக்கு 30,000 ரூபாய்க்குப் பதிந்திருந்தால் இழப்பீடு 2,500 ரூபாய். இப்போது பத்துக் கிலோ கிடைக்க வேண்டிய வயலில், வெயிலுக்குச் சோம்பியோ, வழுக்கைத் திட்டைப் பார்த்து முகம் சுளித்தோ, முளைக்குச்சியை நாலு அடி தள்ளி அடித்து 12 கிலோ கண்டால் சராசரி 11.5. இழப்பீடு 1,250 ரூபாய். ஒரு வயலில் நாலு அடி நகர்ந்ததற்கு ஊர் முழுவதும் பாதியை இழக்கிறது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். கருகிய மூலைக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போகிற விவசாயிகளும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் இந்த வருஷம் பணம் கிடைக்கலாம். ஆனால் உத்தரவாத மகசூலையே முந்தைய ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியில் இருந்துதான் போடுகிறார்கள். வருஷா வருஷம் குறைத்துக் காட்டினால் அந்த அடிப்படையே இறங்கிவிடும். பிறகு நிஜமான பஞ்சத்திலும் குறைவு என்று காட்ட இடமிருக்காது.

2023 கார் பருவத்தில் இருந்து நெல், கோதுமைக்குச் செயற்கைக்கோள் வழிக் கணிப்பையும் குறைந்தது 30 சதவீதம் சேர்க்கத் திட்டத்தில் வழி செய்தார்கள். இதனால் கயிற்று வேலை ஒழிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. மேலிருந்து தெரிகிற பச்சைக்கு எத்தனை கிலோ என்று சொல்லிக் கொடுப்பது தரையில் அறுத்த துண்டுதான்.

செய்யக் கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. 1937 முதல் வங்காளத்தில் சணல் பயிரைக் கணக்கெடுத்த மகலனோபிஸ், ஒரே பகுதியில் தனித்தனியாக இரண்டு மாதிரிகளை எடுத்து, தனித்தனி ஆட்களை அனுப்பினார். இரண்டும் ஒத்துவந்தால் நம்பலாம், ஒத்துவராவிட்டால் எங்கோ பிசகு என்று உடனே தெரிந்தது. இலாகா நடத்தும் சர்வேக்களிலும் பத்தில் ஒரு வீட்டுக்காவது வேறு ஊழியர் மறுபடி போகலாம். அந்த வீட்டில் பெண்களையும் கேட்கலாம், ஒரு பருவமாவது வயலில் நின்று பார்க்கலாம். மண் பாதை ஊர்களின் பங்கு எத்தனை என்று ஒவ்வொரு அறிக்கையும் முதல் பக்கத்திலேயே சொல்லலாம்.

அறுவடைப் பரிசோதனை விஷயத்தில் குலுக்கல் நம்பரை முன்கூட்டியே பறைசாற்றினால் அந்த வயலுக்கு மட்டும் உரம் விழும் அல்லது தண்ணீர் நிற்கும் என்ற அதிகாரிகளின் கவலை நியாயமே. ஆனால் அறுவடை முடிந்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது? எந்தச் சர்வே நம்பர், எந்தத் தேதி, கன்னி மூலையில் இருந்து எத்தனை அடி, என்ன எடை என்று நான்கு வரிகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டலாம். வயல்காரர் அன்று உடனிருந்து அடியை எண்ணி, தராசைப் பார்த்து, தம் நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒட்டிய தாளும் நோட்டும் வேறு வேறாக இருந்தால், இழப்பீடு வந்த பிறகு அல்ல, அந்த வாரத்திலேயே வேளாண்மை அலுவலகத்தில் போய்க் கேட்கலாம்.